சாட்சி சொல்லப் பொய் தேவையில்லை

ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி, சுருக்கமாக:

"டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டையாக (வருஷத்துக்கென்று குலுக்கி எடுக்கும் வசன அட்டை) வந்தது. ஜூன் மாதம் அம்மா புற்றுநோயில் இறந்துவிட்டார்கள். 'அம்மா எழுந்து வருவாங்க, கர்த்தர் உண்மையுள்ளவர்' என்று சொல்லாத ஆள் இல்லை. இப்போது பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். 'கர்த்தர் உண்மையுள்ளவர்' என்று சொன்னால் பொய் சொல்வதுபோல இருக்கிறது. சொல்லாவிட்டால் பின்வாங்கிப் போய்விட்டாள் என்பார்கள். தேவன் உண்மையுள்ளவர் என்றால் என்னதான் அர்த்தம்? அன்றாட வாழ்க்கையில் அதை எங்கே வைப்பது?"

சகோதரி, தாயை இழந்த துக்கத்துக்கு விளக்கம் மருந்தாகாது. ஆனால் நீங்கள் அர்த்தம் கேட்டிருக்கிறீர்கள், அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். நான் போதகர் அல்ல. இருபது வருடத்துக்கு மேலாகச் சபையில் வேதபாட வகுப்பு எடுக்கிறவன், அதற்காகக் கொஞ்சம் எபிரெயு படித்துக்கொண்டவன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொய்யாகப் படுவதைச் சொல்லாதீர்கள். கர்த்தருடைய உண்மைக்கு முட்டுக்கொடுக்க நம்முடைய பொய் வேண்டியதில்லை. எல்லாவற்றையும் இழந்து தேவனிடம் முறையிட்ட யோபு, தன் மூன்று சிநேகிதரைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" (யோபு 13:7). அந்த மூன்று பேரும் தேவனுக்காக வக்காலத்து வாங்கினவர்கள். அவர்கள் பேசியதில் பல வரிகளை அப்படியே வெட்டியெடுத்து ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் வைத்தாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. கடைசியில் தேவன் சொன்னதோ, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று. முறையிட்டவன் பேச்சு சரியென்று நின்றது. பரிந்து பேசினவர்கள் ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய்ப் பலி செலுத்தவேண்டியதாயிற்று.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். பேச்சுத்தமிழில் உண்மை என்றால் பொய்க்கு எதிர். ஆனால் நம்முடைய வேதாகமத்தில் அது இன்னொரு வேலையும் செய்கிறது. "நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே" என்று எஜமான் சொல்வது, அவன் பொய் பேசாதவன் என்பதற்காகவா? நம்பி ஒப்படைத்ததைப் பொறுப்பாக நடத்திப் பெருக்கினான் என்பதற்காக. "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்கிற புலம்பல் 3:23-இலும் அதே பொருள்தான். அங்கே எபிரெயுவில் இருக்கும் சொல் 'எமுனா'. சத்தியம் என்று நாம் வாசிக்கிற பல இடங்களில் இருப்பது 'எமெத்'. இரண்டுக்கும் ஒரே வேர். நாம் ஜெபத்தின் முடிவில் சொல்கிற 'ஆமென்' முளைத்ததும் அந்த வேரிலிருந்துதான். உறுதியாய் நிற்பது, சாய்ந்தால் தாங்குவது என்பது அதன் அடிப்படைப் பொருள். கத்தோலிக்கச் சகோதரர்கள் வாசிக்கும் திருவிவிலியத்தில் இதே எமுனாவைச் சில சங்கீதங்களில் 'வாக்குப் பிறழாமை' என்று பெயர்த்திருக்கிறார்கள். அழகான சொல். ஆனாலும் எனக்குப் பழைய 'உண்மை'தான் பிடிக்கும். மெய் என்பதையும் நம்பி நிற்கத் தக்கது என்பதையும் அது ஒன்றாகவே வைத்திருக்கிறது. சத்தியமும் அப்படித்தானே? 'சத்தியம் பேசு' என்றால் மெய்யைச் சொல், 'சத்தியம் பண்ணு' என்றால் வாக்குக் கொடு.

எமுனா வேதாகமத்தில் முதன்முதலாக வருகிற இடத்தைப் பாருங்கள். யாத்திராகமம் 17. அமலேக்கியரோடு யுத்தம். மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமுமாகக் கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும் வரைக்கும் அவர் கைகள் எமுனாவாய் இருந்தன என்கிறது எபிரெயு. உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இந்தக் காட்சிதான். கை வலிக்கிறவரிடம் போய், "உமக்குக் கை வலிக்காது, விசுவாசியும்" என்று ஆரோன் சொல்லவில்லை. கல்லைத் தேடிப் போனார்கள்.

சரி, அந்த அட்டை. எரேமியா 29:11 நம் சபைகளில் அதிகமாக அச்சடிக்கப்படும் வசனங்களில் ஒன்று. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." தமிழில் வாசிக்கும்போது 'நான் எதிர்பார்க்கிற முடிவு' என்றுதான் மனசு எடுத்துக்கொள்ளும். அம்மா பிழைக்கவேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள், அதுதான் வாக்குத்தத்தம் என்று எடுத்துக்கொண்டதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் எபிரெயுவில் இருப்பது இரண்டு சொற்கள்: பிற்காலம், நம்பிக்கை. உங்களுக்கு ஒரு பிற்காலத்தையும் நம்பிக்கையையும் தருவேன் என்பதே அதன் சாரம். நாம் மனதில் போட்டுவைத்திருக்கிற பட்டியல் அதற்குள் இல்லை.

அந்த வசனம் யாருக்கு எழுதப்பட்டது என்பது இதைவிட முக்கியம். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துப் போனான். அவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அந்தச் சமயத்தில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி இருந்தான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், ஆலயத்தின் பணிமுட்டுகளும் வந்துவிடும் என்று ஜனங்களுக்கு முன்பாகச் சொன்னான். அதைக் கேட்ட எரேமியா என்ன சொன்னார் தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." இந்த ஆமெனை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அப்படி நடந்தால் நன்றாயிருக்கும் என்று எரேமியாவுக்கும் ஆசை இருந்திருக்கிறது. உங்கள் அம்மா எழுந்து வருவார்கள் என்று சொன்னவர்களுக்கும் அந்த ஆசைதான், அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆசை வேறு, கர்த்தருடைய வார்த்தை வேறு. எரேமியா கடிதத்தில் எழுதியது எழுபது வருஷம் என்று. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள் என்று. பாரசீக ராஜா கோரேஸ் திரும்பிப்போக அனுமதி கொடுத்தது கி.மு. 538 வாக்கில். கடிதம் வாசிக்கப்பட்டபோது முப்பது நாற்பது வயதில் இருந்த தச்சனும் கொல்லனும் பெரும்பாலும் பாபிலோன் மண்ணிலேயே அடக்கம் பண்ணப்பட்டிருப்பார்கள்.

பதினோராம் வசனம் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் முதலில் எழுதப்பட்டது. பத்தாம் வசனத்தில்தான் அந்த எழுபது வருஷம் இருக்கிறது. அட்டை அச்சடிக்கிறவர்கள் பத்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சடித்து நான் இதுவரை பார்த்ததில்லை. (வாக்குத்தத்த அட்டையே கூடாது என்று சொல்லுகிற ஆள் அல்ல நான். என் வீட்டுப் பீரோ கதவிலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆனால் குலுக்கி எடுத்த ஒரு வரியை வைத்து அந்த வருஷத்துக்கே தேவனிடம் ஒப்பந்தப் பத்திரம் வாங்கிவிட்டதாக நினைப்பது வசனத்துக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல.)

சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்றீர்களே, வேதத்தில் ஒரு பெண் சொன்ன சாட்சியைக் காட்டுகிறேன். நகோமி. பஞ்சம் பிழைக்க மோவாபுக்குப் போனவள் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் அங்கே பறிகொடுத்துவிட்டுப் பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் கூடிவிடுகிறார்கள். அங்கே அவள் சொன்னது இதுதான்: "நீங்கள் என்னை நகோமி என்று சொல்லாமல், மாராள் என்று சொல்லுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார். நான் நிறைவுள்ளவளாய்ப் போனேன். கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார்." இதை இன்றைக்கு நம் பெண்கள் ஐக்கியத்தில் ஒருத்தி சொன்னால் உடனே யாராவது எழுந்து ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். வேதம் அவளை அடக்கவில்லை, திருத்தவும் இல்லை. அப்படியே எழுதிவைத்திருக்கிறது. வெறுமையாய் வந்தேன் என்று அவள் சொல்லும்போது மருமகள் ரூத் பக்கத்திலேயே நிற்கிறாள், அது அப்போது நகோமியின் கண்ணில் படவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான். அதற்காக அவள் சொன்னது பொய்யாகிவிடாது.

ரூத் என்ற அந்தச் சின்னப் புஸ்தகத்தில் கர்த்தர் நேரடியாக ஏதோ செய்தார் என்று கதை சொல்பவரே சொல்வது இரண்டே இடத்தில்தான். தேசத்துக்கு ஆகாரம் அருளினார் என்று ஆரம்பத்தில், ரூத் கர்ப்பந்தரிக்க அநுக்கிரகம்பண்ணினார் என்று முடிவில். நடுவில் இருப்பதெல்லாம் மனுஷர் செய்தவை. மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்ற மருமகள். வெயிலில் கதிர் பொறுக்கி, தட்டி, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்த ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை. சொன்ன சொல்லை அன்றைக்கே முடிக்காமல் இளைப்பாறாத போவாஸ், ரூத்தை மணந்தவர். கடைசியில் நகோமி பேரப்பிள்ளையை மடியில் வைத்து வளர்க்கிற தாயானாள் என்று வருகிறதே, அந்த 'வளர்க்கிற தாய்' என்பதற்கு எபிரெயுவில் 'ஓமெனெத்'. அதுவும் ஆமென் பிறந்த அதே வேர். ஏந்துகிறவள், தாங்குகிறவள். வெறுமையாய் வந்தேன் என்றவளுக்கு இந்தப் பெயர். போன புருஷனும் பிள்ளைகளும் திரும்பி வரவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

ஆஸ்பத்திரியில் உங்கள் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்கள், இரவு முழித்திருந்தவர்கள், ரத்தம் கொடுக்க வந்த பையன்கள் இருந்திருப்பார்கள். அதுதான் தேவனுடைய உண்மை, அதோடு திருப்தியாயிரு என்று சொல்லி முடிக்க நான் வரவில்லை. அதுவும் ஒரு சமாளிப்பாகிவிடும். ஆனால் அதையும் கணக்கில் எடுக்காமல் விட்டால் கணக்கு உண்மையாய் இராது.

துணிச்சலான இன்னொரு ஜெபம் 89-ஆம் சங்கீதம். எமுனா அதில் ஏழு தடவை வருகிறது. "உமது உண்மையைத் தலைமுறை தலைமுறையாக என் வாயினால் அறிவிப்பேன்" என்று பாட்டாகத் தொடங்கும். 38-ஆம் வசனத்தில் சட்டென்று திரும்பும்: தாவீதின் சிங்காசனம் தரையில் தள்ளப்பட்டுக் கிடக்கிறது. பிறகு கேள்வி: "ஆண்டவரே, நீர் தாவீதுக்கு உம்முடைய உண்மையைக்கொண்டு சத்தியம்பண்ணின உமது பூர்வகிருபைகள் எங்கே?" உண்மை, சத்தியம், கிருபை மூன்றையும் ஒரே வரியில் வைத்து, எங்கே என்று கேட்கிறான் சங்கீதக்காரன். இதற்கு அந்தச் சங்கீதத்தில் பதில் கிடையாது. பதில் வராமலே முடிந்து, சங்கீதங்களின் ஐந்து பகுதிகளில் மூன்றாம் புஸ்தகத்தின் கடைசி வரியாக "ஆமென், ஆமென்" என்று நிற்கிறது. உண்மையுள்ளவர் என்று நம்பாதவன் 'எங்கே' என்று கேட்கமாட்டான். கடனை ஒத்துக்கொண்ட ஆளிடம்தானே போய்ப் பணம் எங்கே என்று கேட்போம்?

அன்றாட வாழ்க்கையில் எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, சுற்றிவளைக்காமல் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் அப்பாவுக்கும் புற்றுநோய்தான். நாங்கள் அவரிடம் வயிற்றுப்புண் என்று சொன்னோம். ஜெபிக்க வருகிறவர்களிடமும் வாசலிலேயே கையைப் பிடித்து, பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்று சொல்லிவைத்தோம். 'தெரிஞ்சா விசுவாசம் குறைஞ்சிரும்' என்பது அம்மாவின் வாதம். ஒரு மாதம் இப்படி ஓடியது. வீட்டுக்குள் நாங்கள் நாலு பேர், நாலு பேரும் ஒரே பொய்யைக் கவனமாகக் காப்பாற்றிக்கொண்டு. ஒரு ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்தபின் அப்பா என்னை மட்டும் நிற்கச் சொன்னார். "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும்ல. ஒரு நோட்டு எடுத்துட்டு வா" என்றார். இரண்டு பேருக்குத் தரவேண்டிய பணத்தைச் சொன்னார். ஒருவருடைய கடனுக்குச் சீட்டே கிடையாது, வாய்ச்சொல்தான். அவர் வந்து கேட்கக்கூடமாட்டார், அதனால் நீயே போய்க் கொடுத்துவிடு என்றார். "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்கிற 15-ஆம் சங்கீத வசனத்தை நான் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் புரிந்தது என்று சொல்லலாம். விசுவாசம் குறைந்துவிடும் என்று நாங்கள் பயந்த மனுஷன், மெய் தெரிந்தவராக இருந்ததால்தான் தன் கணக்கை முடிக்க முடிந்தது. நாங்கள் மறைத்த அந்த ஒரு மாதம் அவர் தனியாக இருந்திருக்கிறார். அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

உண்மையுள்ள தேவனை ஆராதிக்கிறவர்கள் நாம் எத்தனை சுலபமாக வாக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறோம் என்பதற்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 'ஜெபிச்சிக்கிறேன்' என்கிற வார்த்தை. ஆலய வாசலில், போனில், சாவு வீட்டில் தாராளமாகச் சொல்லிவிடுகிறோம். அது ஒரு வாக்கு. நான் சொன்னதில் பாதிக்குமேல் செய்ததில்லை என்று ஒரு காலத்தில் கவனித்தபிறகு சின்ன நோட்டு ஒன்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சொன்னால் பெயரை எழுதுவேன், எழுத முடியாவிட்டால் சொல்லமாட்டேன். சொல்லும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோனது. 'கர்த்தருக்குச் சித்தமானால் வருகிறேன்' என்பதும் அப்படித்தான். யாக்கோபு அதைத் தாழ்மைக்காக எழுதினார், நாம் அதை வரமாட்டேன் என்பதற்கு மரியாதையான சொல்லாக்கிவிட்டோம். கிளம்பாமலே 'வந்துக்கிட்டே இருக்கேன்' என்பது, கலியாணப் பேச்சில் பிள்ளையின் வியாதியை மறைப்பது, கிரயப் பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டு அடுத்த ஞாயிறு ஸ்தோத்திரக் காணிக்கை போடுவது என்று நீட்டிக்கொண்டே போகலாம். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று இயேசு சொன்னதை நாம் கோர்ட்டில் சத்தியம்பண்ணுவது பற்றிய வசனமாக ஒதுக்கி வைத்துவிட்டோம்.

அதே சமயம், நம்முடைய உண்மையை வைத்து அவருடைய உண்மையை அளக்கவும் முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் ஊழியம் செய்த ஜெர்மானியர் பப்ரிசியஸ் வருஷக்கணக்காக உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழாக்கினார், ஞானப்பாட்டுகளைத் தமிழில் பெயர்த்தார், 1779-இல் அகராதி ஒன்றும் வெளியிட்டார். அதே மனுஷர் பண விவகாரத்தில் சிக்கி, கடனை அடைக்க முடியாமல் வயதான காலத்தில் சிறையில் இருந்தார். 1791-இல் இறந்தார். வாக்கு மாறாத தேவனைப் பற்றிய சங்கீதங்களைத் தமிழில் எழுதிய கை, கொடுத்த பணவாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனது. "நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்" என்று 2 தீமோத்தேயு 2:13 சொல்வதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். அந்தக் கடன்காரரின் உழைப்பின்மேல் ஏறித்தான் பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்கள் நின்றார்கள்.

பெண்கள் ஐக்கியத்தில் என்ன சொல்வது என்பதற்கு என் யோசனை. மறுக்கவேண்டாம், போங்கள். அம்மாவுக்கு என்ன வியாதி, எத்தனை மாதம், என்ன ஜெபித்தீர்கள், என்ன நடக்கவில்லை என்பதை அப்படியே சொல்லுங்கள். யார் யார் கூட நின்றார்கள் என்பதைச் சொல்லுங்கள். 'எனக்கு இன்னும் புரியவில்லை' என்பதையும் சொல்லுங்கள். 'கர்த்தர் உண்மையுள்ளவர்' என்ற வரி வாயில் வந்தால் சொல்லலாம், வராவிட்டால் 89-ஆம் சங்கீதத்தின் 49-ஆம் வசனத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். அதுவும் வேதவசனம்தான், ஒருவரும் குறைசொல்ல முடியாது. அந்த அறையில் இதேபோல ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். கூட்டம் முடிந்ததும் உங்களைத் தேடி வருகிறவர்கள் அவர்களாகத்தான் இருக்கும்.

அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். பத்தாம் வசனத்தை அதில் உங்கள் கையால் எழுதி, கீழே அம்மா இறந்த தேதியையும் எழுதி வையுங்கள்.